சமையல் வீடியோவுக்கு எந்தக் கேமரா வாங்கலாம்?

கேள்வி இதுதான். மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டில் அம்மா சமைக்கிறார், மகள் போனில் படம்பிடித்து யூடியூபில் போடுகிறார். சில நாள் மகளே சமைத்து மகளே எடுக்கவும் வேண்டியிருக்கிறது. கையில் 80,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறார். சோனி இசட்வி-இ10, கேனன் ஆர்50, டிஜேஐ ஓஸ்மோ பாக்கெட் 3 ஆகிய மூன்றில் எதை வாங்குவது, அல்லது அதே காசுக்கு ஒரு நல்ல போனாகவே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணமெல்லாம் பிறகு. உங்கள் வீட்டு நிலவரத்துக்கு மிரர்லெஸ் கேமராதான் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய வகை) சரி. இசட்வி-இ10, ஆர்50 இரண்டில் எதை வாங்கினாலும் பழுதில்லை. ஆனால் 80,000 ரூபாயையும் கேமராவிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தீர்கள் என்றால், இப்போது போனில் எடுப்பதைவிட மோசமான வீடியோ வர நிறைய வாய்ப்பு இருக்கிறது.

கல்யாணம், கோயில் விழா, உள்ளூர்க் கடைகளின் சின்ன விளம்பரம் என்று கேமரா பிடித்துப் பிழைப்பவன் நான். வாங்குவதற்கு முன்னால் யோசனை கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் மெகாபிக்சல் பற்றிக் கேட்பார்கள், 4கே இருக்கிறதா என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கேமராவுக்குப் பின்னால் யார் நிற்கப்போகிறார்கள்? ஆள் நிற்பார் என்றால் ஃபோகஸ் நழுவுவதை அவர் பார்த்துக்கொள்வார். பேட்டரி தீரப்போவது தெரியும். கை மறைத்தால் "அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லு" என்று சொல்ல முடியும். ஆளே இல்லை என்றால் இத்தனையும் கேமராவே பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தாளித்து, இறக்கி, பரிமாறி எல்லாம் முடிந்த பிறகுதான் பாதி வீடியோ மங்கலாகப் பதிவாகியிருப்பது தெரியும். சமையலில் இரண்டாவது டேக் கிடையாது. வெங்காயம் வதங்கியது வதங்கியதுதான்.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொன்ன நான்கும் தானாகவே பிரிந்துவிடும்.

பாக்கெட் 3 அருமையான கருவி, அதில் சந்தேகமே இல்லை. 2023 அக்டோபரில் வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பில், ஆட்டத்தைச் சமன்செய்யும் மூன்று அச்சு கிம்பலும், படத்தைப் பதிக்கும் 1 இன்ச் சென்சாரும் இருக்கின்றன. நடந்துகொண்டே பேசினாலும் படம் ஆடாது; முகத்தைத் தானே துரத்திப் பிடிக்கும். திருவாரூர்த் தேர், கும்பகோணம் காய்கறிச் சந்தை, பஸ் பயணம் என்று சுற்றுகிறவருக்கு நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஆனால் அதன் லென்ஸ் 20 மில்லிமீட்டருக்குச் சமமான அகலக் கோணம், மாற்றவும் முடியாது. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் முன்னால் இருக்கும் கடாய் பெரிதாக, பின்னால் நிற்கும் அம்மா எங்கேயோ தூரத்தில் நிற்பது போலத் தெரியும். அதன் முக்கியமான பலமே ஆட்டம் இல்லாத படம். உங்கள் கேமராவோ பெரும்பாலும் ஸ்டாண்டில்தான் இருக்கப்போகிறது. ஆடாத கேமராவுக்கு எதற்குக் கிம்பல்?

போனைப் பற்றிச் சொல்வதானால், 80,000 ரூபாய்ப் போன் உங்களிடம் இப்போது இருக்கும் போனைவிட நன்றாக எடுக்கும்தான். தனியாகச் சமைத்துத் தனியாகவே எடுக்கிறவருக்கு, கேமரா விஷயங்களைக் கற்றுக்கொள்ள நேரமும் இல்லை என்றால், போன்தான் நல்ல வழி என்றே சொல்வேன். ஆனால் மூன்று வருஷத்தில் அந்தப் போனின் மதிப்பு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மிரர்லெஸுக்கு வாங்கி வைக்கும் லென்ஸ் அடுத்த கேமராவுக்கும் கூடவே வரும். இன்னொன்று, ஷூட்டிங் நடுவே உங்கள் போனுக்கு அழைப்பு வரும். சிரிக்காதீர்கள், நிறையப் பேர் போனிலிருந்து விலகுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் வீட்டில் பெரும்பாலான நாள் அம்மா சமைக்க நீங்கள் பின்னால் நிற்கிறீர்கள். அதனால்தான் மிரர்லெஸ் என்றேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இசட்வி-இ10 2021-ல் வந்தது, ஆர்50 2023-ல். இரண்டிலும் ஒரே வகை, ஏபிஎஸ்-சி என்ற அளவுள்ள சென்சார். இரண்டிலும் திரை பக்கவாட்டில் திறந்து திரும்பும், மைக் செருகும் துளையும் உண்டு. ஹெட்போன் துளை சோனியில் மட்டும்தான் இருக்கிறது. பதிவாகும் ஒலியை எடுக்கும்போதே கேட்டுச் சரிபார்க்கலாம் என்பது நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய வசதி. சோனியில் தொடர்ந்து பதிவு செய்ய நேரக் கட்டுப்பாடு இல்லை; கேனன் ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிடும். சமையலைத் துண்டு துண்டாகத்தான் எடுப்போம் என்பதால் அது உங்களைப் பாதிக்காது. லென்ஸ் தேடினால் சோனிக்கு சிக்மா, டாம்ரான் என்ற வேறு கம்பெனி லென்ஸ்களும் பல வருஷமாகவே குவிந்து கிடக்கின்றன. கேனனின் இந்த வரிசைக்கு அவர்களுடைய லென்ஸ்கள் வர ஆரம்பித்ததே 2024-ல்தான்.

கேனன் பக்கமும் நியாயம் இருக்கிறது. மெனு எளிது. திரையைத் தொட்டு ஃபோகஸ் வைப்பது வெண்ணெய் மாதிரி. ஒன்றும் திருத்தாமல் அப்படியே போட்டாலும் தோல் நிறம் பார்க்க நன்றாக வரும். பொருளைக் கேமராவுக்கு அருகே நீட்டிக் காட்டினால் ஃபோகஸ் உடனே முகத்தை விட்டுப் பொருளுக்குத் தாவும் முறை இரண்டிலுமே உண்டு. இரண்டிலும் கேமராவுக்குள்ளே சென்சாரைப் பிடித்து ஆட்டம் குறைக்கும் வசதி இல்லை. கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் படம் ஆடத்தான் செய்யும். என்னைக் கேட்டால் சோனி, அதுவும் ஹெட்போன் துளைக்காகவும் லென்ஸுக்காகவும்தான். உங்கள் ஊரில் சொல்லிக்கொடுக்கிற நண்பரோ ஸ்டுடியோக்காரரோ கேனன் வைத்திருந்தால் கேனனையே வாங்குங்கள். அவர் கற்றுத்தருவதும், அவசரத்துக்கு ஒரு லென்ஸ் கடன் கொடுப்பதும் இந்த வித்தியாசங்களையெல்லாம் ஒன்றுமில்லாமல் செய்துவிடும்.

2024-ல் வந்த இசட்வி-இ10 இரண்டாம் தலைமுறையைப் பற்றியும் விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். பெரிய பேட்டரி, நொடிக்கு 60 ஃபிரேமில் 4கே, 10-பிட் வண்ணம் என்று நிறையச் சேர்த்திருக்கிறார்கள். 10-பிட் என்பது ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிக்குப் பதில் 1024 படி. எடிட்டிங்கில் வண்ணத்தை நிறைய இழுத்து மாற்றுகிறவருக்கு அது வேண்டும். உங்களுக்கு இப்போது வேண்டாம். அந்தக் கோப்புகளைப் பழைய லேப்டாப்பில் போட்டால் அது தவழ ஆரம்பித்துவிடும்.

கடையில் ஒன்று நடக்கும், எச்சரிக்கையாக இருங்கள். "பிகினர்ஸ் கேமரா, விலையும் கம்மி" என்று கேனன் 1500டி-யைக் கையில் கொடுப்பார்கள். ஸ்டில் போட்டோ கற்றுக்கொள்ள அது நல்ல கேமரா. வீடியோவுக்கு வேண்டாம். அதில் மைக் செருகத் துளையே கிடையாது, திரை திரும்பாது, வீடியோவில் ஃபோகஸ் தானாகப் பின்தொடர்ந்து வருவதும் கிடையாது. பழைய மாடலில் மலிவாகக் கிடைக்கும் கேனன் எம்50-யும் இப்படித்தான். அட்டையில் 4கே என்று போட்டிருக்கும். ஆனால் 4கே-யில் வைத்தால் படத்தின் ஓரங்களை நிறைய வெட்டிவிடும், நல்ல ஃபோகஸ் முறையும் வேலை செய்யாது. 1080-ல் மட்டும் எடுப்பதாக இருந்தால் எம்50 இன்றைக்கும் கௌரவமான கேமராதான்.

இனி அடுக்களைக்கு வருவோம். கேமரா எதுவானாலும் சமையல் வீடியோவில் சிக்கல் இங்கேதான் கிடக்கிறது.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த பழைய ட்யூப்லைட், மலிவு எல்இடி பல்பு எல்லாம் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரம், 1/60 நொடி என்று இருந்தால் கருப்புப் பட்டைகள் திரையில் மேலும் கீழும் ஊர்ந்துகொண்டே இருக்கும். நிறையப் பேருடைய சமையல் வீடியோவில் பின்சுவர் அலையடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். கேமரா மெனுவில் பால் (PAL) என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்துவிடுங்கள். போய்விடும். யூடியூபில் சொல்லித்தரும் வெளிநாட்டுக்காரர்கள் பலரும் 30 ஃபிரேம், 1/60 என்பார்கள். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அவர்களுக்கு அது சரி. இசட்வி-இ10 வாங்கினால் இதில் இன்னொரு லாபமும் உண்டு: 30 ஃபிரேம் 4கே-யில் அது படத்தைச் சுற்றிலும் கொஞ்சம் வெட்டும், 25-ல் வெட்டாது. சின்ன அடுக்களையில் பின்னால் நகர இடமில்லாதவருக்கு அந்த அகலம் முக்கியம். போனிலேயே தொடர்வதாக இருந்தாலும் ஐபோன் அமைப்புகளில் பால் வடிவங்களைக் காட்டச் சொன்னால் 25 ஃபிரேம் கிடைக்கும். ஆண்ட்ராய்டுக்கு பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலி இருக்கிறது. எல்லா மாடலிலும் ஓடாது, உங்கள் போனில் ஓடினால் ஷட்டரையும் கையால் பிடித்து வைக்கலாம்.

அடுத்தது, கேமராவின் ஆட்டோ முறை. இட்லித் தட்டு ஃபிரேம் முழுக்க வந்ததும் கேமரா "ஐயோ, இவ்வளவு வெள்ளையா" என்று வெளிச்சத்தைக் குறைத்துவிடும். இட்லி சாம்பல் நிறமாகிவிடும். சாம்பார் கொதிக்கும்போது கிட்டே போனால் "இவ்வளவு மஞ்சளா" என்று வண்ணத்தை நீலப் பக்கம் தள்ளும், மஞ்சள் செத்துப்போகும். சமையலில் நிறம்தான் பாதி ருசி. அதனால் எடுக்க ஆரம்பிக்கும் முன் அடுப்பு மேடையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒயிட் பேலன்ஸை (எது வெள்ளை என்று கேமரா எடுத்துக்கொள்ளும் அளவு) அதற்குப் பூட்டுங்கள், எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) கையால் வைத்துவிடுங்கள். பிறகு அந்த விளக்கு அணையும் வரை தொடவே வேண்டாம். கேமரா மாற்றாமலே, இந்த ஒன்றை மட்டும் போனில் செய்தாலும் உங்கள் வீடியோ வேறு யாரோ எடுத்தது போல இருக்கும். போன் திரையில் விரலை அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும்.

விளக்குக்குக் காசு ஒதுக்கச் சொல்வது இதனால்தான். சன்னல் வழியே மஞ்சள் வெயில், மேலே வெள்ளை ட்யூப்லைட், புகைபோக்கிக்குள் ஒரு குட்டி பல்பு என்று மூன்று நிறத்தில் வெளிச்சம் இருந்தால் எந்த வெள்ளைத் தாளாலும் சரிசெய்ய முடியாது. இரண்டே வழி. ஒன்று, பகலில் சன்னலோரம் மட்டும் எடுப்பது, உள் விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுவது. புதுக்கோட்டைப் பக்கத்து வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-ல் தமிழில் முதன்முதலாக 1 கோடி சந்தாதாரரைத் தொட்டதே; அவர்கள் சமைப்பது திறந்தவெளியில், பட்டப்பகலில். வயலும் மரமும் பின்னால் இருக்க, ஒளிக்கு ஒரு பைசா செலவில்லை. உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு அடுப்பு போட இடம் இருந்தால் அதைவிட நல்ல ஸ்டுடியோ கிடையாது.

இரண்டாவது வழி, ஒரு 60 வாட் எல்இடி விளக்கும், அதன் ஒளியை மென்மையாக்கும் ஒரு சாஃப்ட்பாக்ஸும். ரிங் லைட் வேண்டாம். முகத்துக்கு நேரே இருந்து அடிக்கும் அந்த ஒளியில் குழம்பின் மேல் எண்ணெய் மினுமினுப்பது தெரியாது, ஆவி தெரியாது, எவர்சில்வர் பாத்திரத்தில் எல்லாம் வட்ட வட்டமாக விளக்குதான் தெரியும். விளக்கைக் கடாய்க்குப் பின்பக்கமாக, கொஞ்சம் சாய்வாக, அம்மாவின் தோளுக்கு மேலிருந்து வருவது போல வையுங்கள். கீழிருந்து எழும் ஆவி அப்போது வெள்ளையாகத் தனித்துத் தெரியும். பின்சுவர் கொஞ்சம் இருட்டாக இருந்தால் இன்னும் நல்லது. முன்பக்க நிழலுக்கு ஒரு தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் போதும். விளக்கு வாங்கும்போது சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற எண்) 95-க்கு மேலா என்று கேட்பார்கள், கேளுங்கள். ஆனால் அந்த எண் எட்டு மென்மையான நிறங்களை வைத்துக் கணக்கிடும் சராசரி, அதில் அடர்சிவப்பு சேராது. ஆகவே கடையில் ஒரு தக்காளியையோ காய்ந்த மிளகாயையோ அந்த வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். மிளகாய் பழுப்பாகத் தெரிந்தால் உங்கள் மீன் குழம்பும் அப்படித்தான் தெரியும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

லென்ஸ் பற்றி ஒரு தவறான ஆசையைக் கலைக்க வேண்டியிருக்கிறது. பின்னணி எல்லாம் உருகிப்போய் பொருள் மட்டும் பளிச்சென்று தெரிய வேண்டும், அதற்கு எஃப் 1.4 லென்ஸ் (இந்த எண் சின்னதானால் லென்ஸின் துளை பெரிது) வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். கூடவே வரும் கிட் லென்ஸின் எஃப் 3.5-ஐவிட எஃப் 1.4 ஆறு மடங்குக்குமேல் வெளிச்சத்தை உள்ளே விடும் என்பது உண்மை. ஆனால் 30 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.4-ல் திறந்து 60 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்து கடாயை எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 2 சென்டிமீட்டர்தான். கடாயின் முன் விளிம்பு தெளிவாக இருக்கும், நடுவில் வேகும் கறி மங்கலாக இருக்கும். எஃப் 4-க்கு மூடினால்தான் 6 சென்டிமீட்டர் அளவுக்குக் கிடைக்கும். சமையலுக்கு அதுதான் வேண்டும். எஃப் 4 என்றால் கிட் லென்ஸே போதும், விளக்கு இருந்தால். முதல் ஒரு வருஷம் கிட் லென்ஸில் ஓட்டுங்கள். பிறகு கையில் காசு சேர்ந்தால் சிக்மாவின் 18-50 எஃப் 2.8 வாங்கலாம். அம்மாவின் முகம், மேடை முழுக்க, இஞ்சி நறுக்கும் விரல் மூன்றுக்கும் அது ஒன்றே போதும்.

ஆவி எழும்போது ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். எந்தக் கம்பெனிக் கேமராவாக இருந்தாலும் தடுமாறும். கொதிக்கும் காட்சியை எடுக்கும் முன்னால், ஆவி வருவதற்கு முன்பே கரண்டியை வைத்து ஃபோகஸ் பிடித்துவிட்டு, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். கேமராவுக்குப் பின்னால் ஆள் இருப்பதன் பலன் இந்த இடத்தில் நன்றாகத் தெரியும். லென்ஸின் முன்னால் ஒரு புரொடெக்டர் ஃபில்டர் கட்டாயம். கடுகு வெடித்தால் எண்ணெய் எங்கே தெறிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெறிப்பதைவிட மோசம், கண்ணுக்குத் தெரியாமல் படியும் எண்ணெய்ப் புகை. வாரம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றித் துடையுங்கள், லென்ஸைத் தொடாதீர்கள்.

மேலிருந்து நேர்கீழாக எடுக்கும் காட்சிக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். போனுக்கென்று விற்கும் வளைகம்பி ஸ்டாண்டில் கேமராவைத் தொங்கவிடாதீர்கள். இந்தக் கேமராக்கள் லென்ஸோடு அரைக் கிலோ இருக்கும். கீழே கொதிக்கிற எண்ணெய் இருக்கிறது. கனமான ட்ரைபாட், அதில் பக்கவாட்டுக் கை, எதிர்ப்பக்கம் மணல் மூட்டை. ஐந்து கிலோ அரிசிப் பையைக் கட்டித் தொங்கவிட்டாலும் வேலை நடக்கும். இந்தக் காட்சிக்கு உங்கள் பழைய போனையே பயன்படுத்துவது இன்னும் புத்திசாலித்தனம். போனின் அகலக் கோணமும், எல்லாம் தெளிவாகத் தெரியும் குணமும் மேலிருந்து எடுக்க நன்றாகப் பொருந்தும். கேமரா முன்னால், போன் மேலே என்று இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் எடிட்டிங்கில் உங்களுக்கு வெட்டிச் சேர்க்க நிறையக் கிடைக்கும். ஆரம்பத்தில் ஒரு கைதட்டு தட்டிவிட்டால் இரண்டையும் ஒலியை வைத்துப் பொருத்திவிடலாம். ஒன்று மட்டும் கவனம்: போன்கள் ஃபிரேம் வேகத்தைச் சமாளிப்பதற்காக அங்கங்கே கூட்டிக் குறைக்கும், அதனால் நீளமான துண்டுகளில் ஒலியும் படமும் மெல்ல மெல்ல விலகும். சின்னச் சின்னத் துண்டாக எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

மைக் விஷயத்தில் நான் கறார். கேமராவில் இருக்கும் மைக்கை நம்பவே நம்பாதீர்கள். புகைபோக்கி, மிக்ஸி, பக்கத்து வீட்டு டிவி எல்லாம் அம்மாவின் குரலைவிட அதற்குக் கிட்டத்தில் இருக்கும். அம்மாவின் புடவையில் ஒரு காலர் மைக் குத்துங்கள். வயர் உள்ள போயா பிஒய்-எம்1 மாதிரி ஒன்று ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்திலேயே கிடைக்கும். அதில் போனுக்கும் கேமராவுக்கும் மாற்ற ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. தவறாக வைத்தால் ஒலியே பதிவாகாமல் போகலாம், அதனால்தான் ஹெட்போன் துளை வேண்டும் என்றேன். வயர் அடுப்புக்குக் குறுக்கே போகும் என்று பயந்தால் வயர்லெஸ் வாங்குங்கள். புடவைத் தலைப்பு மைக்கில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டுப் புடவை கட்டிய மணப்பெண்களோடு வருஷக்கணக்காக நான் போராடும் விஷயம் அது. தாளிக்கிற சத்தம் மட்டும் தனியாக வேண்டும். அதற்கு விளக்கு, குரல் எதையும் பற்றிக் கவலைப்படாமல் கேமராவைக் கடாய்க்குக் கிட்டே கொண்டுபோய் ஐந்து நொடி தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகைபோக்கியை அந்த ஐந்து நொடி அணைத்துவிடுங்கள். கடுகு, கறிவேப்பிலை விழும் அந்தச் சத்தத்துக்காகவே வீடியோ பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

4கே வேண்டுமா என்ற கேள்விக்கு: பார்க்கிறவருக்காக வேண்டாம், உங்களுக்காக வேண்டும். பெரும்பாலானவர்கள் போனில்தான் பார்க்கிறார்கள், 1080 தாராளம். ஆனால் 4கே-யில் 1080-ஐப் போல நான்கு மடங்கு புள்ளிகள் இருக்கின்றன. நீங்களே சமைத்து நீங்களே எடுக்கும் நாளில் கேமராவை ஓரிடத்தில் வைத்து அகலமாக எடுத்துவிட்டு, பிறகு எடிட்டிங்கில் பாதி அளவுக்கு நெருங்கி வெட்டினாலும் தெளிவு கெடாது. ஆள் இல்லாத குறையை 4கே ஓரளவு அடைக்கும். அதற்கு விலையும் உண்டு. நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டு ஒன்றரை மணி நேரம்கூட வராது. கார்டில் வி30 என்ற முத்திரை இருக்க வேண்டும். நொடிக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதும் என்று அதற்குப் பொருள். பாதி விலைக்குக் கிடைக்கும் கார்டுகளில் போலி அதிகம். லேப்டாப் திணறினால் எடிட்டிங் செயலியில் ப்ராக்ஸி என்று ஒரு வசதி (எடிட் செய்யும்போது மட்டும் சின்ன நகல் கோப்பை வைத்து வேலை செய்வது) இருக்கும், முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

சூடு. இந்தச் சின்னக் கேமராக்களுக்குள் ஃபேன் கிடையாது. 40 டிகிரி வரைக்கும்தான் வேலை செய்யும் என்று கம்பெனிக்காரர்களே எழுதியிருப்பார்கள். மே மாதம் நம் அடுக்களை, பக்கத்தில் எரியும் அடுப்பு, மேலே ஒரு விளக்கு. சொல்ல வேண்டுமா? திரையைத் திறந்து உடம்பிலிருந்து விலக்கி வையுங்கள். இசட்வி-இ10 மெனுவில் தானாக அணையும் வெப்பநிலை என்று ஒன்று இருக்கும், அதை உயர்ந்தது என்று மாற்றுங்கள். துண்டு எடுத்து முடிந்ததும் கேமராவை அணைத்துவிடுங்கள், சும்மா ஓட விடாதீர்கள். பேட்டரிக்கு யுஎஸ்பி-சி வழியாகப் பவர் பேங்க் கொடுக்கலாம். மின்வெட்டு நாளிலும் அது கைகொடுக்கும்.

ஆக, காசைப் பிரித்தால் கிட் லென்ஸோடு கேமராவுக்கு 60,000 சுற்றி. மீதி விளக்கு, சாஃப்ட்பாக்ஸ், மைக், கனமான ட்ரைபாட், இரண்டு கார்டு, ஒரு கூடுதல் பேட்டரி. புதுக் கேமராவின் விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். நீங்கள் போகும் நேரம் அது பட்ஜெட்டை மீறினால் விளக்கைத் தியாகம் செய்யாதீர்கள், தீபாவளி ஆஃபர் வரை பொறுங்கள், அல்லது செகண்ட்ஹேண்டில் பாருங்கள். விளக்கும் மைக்கும் முதலில் வாங்கிப் போனோடு ஓட்டிக்கொண்டிருந்தால் காத்திருப்பது வீணாகாது.

செகண்ட்ஹேண்ட் என்றால் கல்யாண வீடியோக்காரர்கள் வைத்திருந்ததைவிடச் சேனல் ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்களுடையது நல்லது, அதிகம் உழைத்திருக்காது. ஷட்டர் கவுன்ட் (ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது) எவ்வளவு என்பார்கள், வீடியோவுக்கு அது பெரிய விஷயமில்லை. மைக் துளையில் மைக்கைச் செருகி ஆட்டிப் பாருங்கள், கரகர என்றால் விட்டுவிடுங்கள். திரையின் கீல் தளர்ந்திருக்கிறதா, பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸ் மூடியைப் போட்டுக் கருப்பாக ஒரு நிமிஷம் எடுத்துப் பாருங்கள்; அசையாத சிவப்பு, வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் கோளாறு. பிறகு லென்ஸைக் கழற்றி ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில், டெல்டாவில் மழைக்காலத்துக்குப் பிறகு இது சகஜம். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். உங்கள் கேமராவையும் அலமாரியில் துணிக்கு நடுவே வைக்காதீர்கள். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போடுங்கள்.

புதிதாக வாங்கினால் பில்லில் கேமராவின் சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும், அது கேமராவில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். "பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம்" என்பார்கள். அந்தப் பெட்டிக்குள் இந்திய வாரன்ட்டி அட்டை இல்லாமல் இருக்கலாம், பழுதானால் சர்வீஸ் சென்டரில் கேள்வி வரும். கார்டைக் கையோடு கொண்டுபோங்கள். கடையிலேயே போட்டு, 25 ஃபிரேம், 1/50 வைத்து, மைக்கையும் மாட்டிப் பத்து நிமிஷம் விடாமல் ஓடவிடுங்கள், கடைக்காரரின் டிவியில் போட்டுப் பாருங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தக் கேமரா முன்னால் அவர் கூச்சப்படாமல் பேசுகிறார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.